வாழ்வா சாவா ஆட்டத்துக்கு டிக்கெட் விலையைக் குறைக்க வேண்டுமா?

சீசன் முடிய நான்கைந்து ஆட்டங்களே இருக்கின்றன. அணி புள்ளிப்பட்டியலின் அடியில், கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படும் ஆபத்தில் கிடக்கிறது. அல்லது நேர்மாறாக, கோப்பையின் அரையிறுதிக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குக் கால்பந்துக் கழகங்கள் டிக்கெட் விலையைக் குறைத்து மைதானத்தை நிரப்ப வேண்டுமா என்பது கேள்வி.

ஆட்டம் முக்கியமானது என்ற ஒரே காரணத்துக்காக விலையைக் குறைக்கத் தேவையில்லை என்பேன். அதே காரணத்தைச் சொல்லி ஒரு காசு ஏற்றவும் கூடாது. சலுகை கொடுப்பதானால் ஆட்டத்தைப் பார்த்துக் கொடுக்காமல் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இரவில், எதுவும் பணயத்தில் இல்லாத ஆட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தவர் யாரோ, அவருக்குத்தான் முதல் உரிமை. நான் நெருங்கிப் பின்தொடர்வது இங்கிலாந்துக் கால்பந்தையும் ஓரளவு ஜெர்மனியையும் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

முதலில், மைதானம் எப்படியும் நிரம்பும் ஆட்டத்தையும் நிரம்பாத ஆட்டத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். லிவர்பூலின் ஆன்ஃபீல்டிலோ ஆர்சனலின் எமிரேட்ஸிலோ முக்கியமான ஆட்டம் என்றால், இருக்கும் இடத்தைப்போலப் பல மடங்கு பேர் டிக்கெட் கேட்கிறார்கள். அங்கே 60 பவுண்டு டிக்கெட்டை 20 பவுண்டுக்குக் கொடுத்தால் கூட்டம் ஒரு ஆள்கூட அதிகரிக்காது. வரிசைதான் நீளும். அந்த 40 பவுண்டு லாபம் யார் கைக்குப் போகிறது? பெரும்பாலும் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுபவர்களுக்கு. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படியே குற்றம். அப்படியும் அந்தத் தொழில் ஒழியவில்லை. கழகம் வைத்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி பெரிதாகப் பெரிதாக அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே நிரம்பும் மைதானத்தில் பொதுவாக எல்லாருக்கும் தள்ளுபடி என்று அறிவிப்பது நல்ல மனதோடு செய்யும் தவறு.

இதைக் கேட்டவுடன் பொருளாதாரம் படித்தவர்கள், அப்படியானால் சந்தை தாங்கும் விலையைக் கழகமே வாங்கிக்கொள்ளட்டுமே என்பார்கள். கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் கழகங்கள் இதைச் செய்துபார்த்து என்ன ஆனது என்பதைப் பார்க்க வேண்டும்.

2016 பிப்ரவரி 6. ஆன்ஃபீல்டில் லிவர்பூல், சண்டர்லாண்டை எதிர்கொள்கிறது. அடுத்த சீசனில் புதிதாக விரிவாக்கப்படும் பிரதான அரங்கில் மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கழகம் சில நாள் முன்புதான் அறிவித்திருந்தது. அதுவரை உச்ச விலை 59. ரசிகர் அமைப்புகள் ஒரு முடிவெடுத்தன: ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறுவது. அந்த நிமிடம் வந்தபோது லிவர்பூல் 2–0 என்று முன்னணியில் இருந்தது. சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து நடந்தார்கள். தங்கள் அணி வென்றுகொண்டிருக்கும்போது, இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போது, காசு கொடுத்து வாங்கிய இருக்கையை விட்டு. அவர்கள் போன பிறகு 82ஆவது நிமிடத்தில் சண்டர்லாண்ட் ஒரு கோல் போட்டது. 89ஆவது நிமிடத்தில் ஜெர்மெய்ன் டிஃபோ இன்னொன்றைப் போட்டார். ஆட்டம் 2–2 என்று சமனில் முடிந்தது.

ரசிகர்கள் போனதால்தான் கோல் விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நான்கே நாளில் உரிமையாளர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்திவைத்தார்கள். பலருக்கு 77 என்ற எண் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அந்த அறிவிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. எதிரணி யார் என்பதைப் பொறுத்து விலையை மாற்றும் முறையை லிவர்பூல் அப்போது கைவிட்டது. மான்செஸ்டர் யுனைடெட் வந்தாலும், புதிதாக மேலே வந்த சின்னக் கழகம் வந்தாலும், ஒரே இருக்கைக்கு ஒரே விலை.

ஆட்டங்களைத் தரம் பிரித்து விலை வைக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பல கழகங்கள் ஆட்டங்களை ஏ, பி, சி என்று வகுத்துவைத்திருந்தன. பெரிய எதிரணி வந்தால் ஏ, கட்டணம் அதிகம். 2013 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி எமிரேட்ஸுக்கு வந்தபோது அது ஏ வகை ஆட்டம். சிட்டி ரசிகர்களுக்கான டிக்கெட் 62 பவுண்டு. அந்தச் சீசனில் சிட்டிதான் நடப்புச் சாம்பியன், பட்டத்துக்கான போட்டியிலும் இருந்தது. முக்கியமான ஆட்டம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அப்படியிருந்தும் சிட்டிக்கு ஒதுக்கிய சுமார் 3,000 டிக்கெட்டுகளில் 912 விற்காமல் திரும்பி வந்தன. அன்று சிட்டி 2–0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் உதவி நடுவர் ஒருவர் சிட்டி வீரர்களிடம், அங்கே இருக்கிறவர்கள் 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியது தொலைக்காட்சி ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. ஆட்டத்தோடு பற்றில்லாமல் இருக்க வேண்டிய நடுவருக்கே அந்த விலை உறுத்தியிருக்கிறது.

இந்தக் கோபங்களெல்லாம் சேர்ந்துதான் 2016 மார்ச்சில் இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் கழகங்கள் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு விதித்தன. முதலில் மூன்று சீசன்களுக்கு என்றார்கள், பிறகு நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டமானாலும், ஒன்றுமில்லாத ஆட்டமானாலும், வெளியூர் ரசிகருக்கு 30க்கு மேல் கிடையாது. கடந்த பல ஆண்டுகளில் டிக்கெட் விஷயத்தில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு இதுதான் என்பது என் எண்ணம். ஆட்டத்தின் முக்கியத்துவம் விலைக்குள் நுழையவே முடியாதபடி அது கதவைச் சாத்திவிட்டது.

ஸ்பெயினில் சில கழகங்களிடம் இதற்கு நேர் எதிரான பழக்கம் ஒன்று உண்டு. சீசன் டிக்கெட், அதாவது ஆண்டின் உள்ளூர் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட், வாங்கியவர்களும் ஒன்றிரண்டு பெரிய ஆட்டங்களுக்கு, பெரும்பாலும் ரியல் மாட்ரிட் அல்லது பார்சிலோனா வரும் நாளில், தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குக் ‘கழகத்தின் நாள்’ என்று பெயர். ஆண்டு முழுவதும் வந்தவரிடம், அவர் ஆசையோடு காத்திருந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் மறுபடியும் பணம் கேட்கிறார்கள்.

இனி நிரம்பாத மைதானத்துக்கு வருகிறேன். இங்கேதான் தள்ளுபடிக்கு உண்மையான நியாயம் இருக்கிறது. காலியாக இருக்கும் நாற்காலியை நிரப்புவதால் கழகத்துக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. காவலுக்கும் ஒழுங்குக்கும் சில பேர் அதிகம் தேவைப்படலாம், அவ்வளவுதான். 30,000 பேர் உட்காரும் மைதானத்தில் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 20 பவுண்டு குறைத்தாலும் ஓர் ஆட்டத்துக்கு இழப்பு அதிகபட்சம் 6 லட்சம் பவுண்டு. பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் கழகத்துக்கே லீக்கின் பொதுப் பணத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு கிடைக்கிறது. கீழ்நிலை லீக்குக்கு இறங்கினால், இறங்கும் கழகத்துக்கு லீக் தரும் முதல் ஆண்டு இடைக்கால உதவியைச் சேர்த்தும் அதில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். இவ்வளவு பெரிய தொகை தொங்கும்போது டிக்கெட் வருமானத்தில் கஞ்சத்தனம் காட்டுவது எனக்குப் புரியாத கணக்கு. பிரீமியர் லீக் கழகங்களின் மொத்த வருமானத்தில் ஆட்ட நாள் வசூல் ஏழில் ஒரு பங்கு அளவுதான். பாதிக்கு மேல் ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. அந்த ஒளிபரப்புக்குமே ஆரவாரிக்கும் கூட்டம் வேண்டும். காலி நாற்காலிகளைக் காட்டும் காணொளியை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

கூட்டம் உண்மையிலேயே புள்ளிகளை வாங்கித் தருமா என்று கேட்பவர்களுக்குக் கொரோனாக் காலம் ஒரு பதிலை விட்டுச் சென்றிருக்கிறது. 2020 மே மாதம் ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான புண்டஸ்லிகா ஆளில்லா மைதானங்களில் மறுபடி தொடங்கியது. அதுவரை சொந்த மைதானத்தில் ஆடிய அணிகள் சுமார் 43 சதவீத ஆட்டங்களை வென்றிருந்தன. கூட்டமில்லாத அந்தக் கடைசிக் கட்டத்தில் அது 33 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பிற நாடுகளின் ஆட்டங்களையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணிக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன. அதாவது கூட்டத்தின் சத்தம் வீரரின் கால்களுக்கு மட்டுமல்லாமல் நடுவரின் காதுக்கும் போகிறது.

ஆனால் எந்தக் கூட்டம் என்பதும் முக்கியம். கடைசி வாரத்தில் 5 பவுண்டுக்கு டிக்கெட் விற்று நிரப்பிய கூட்டத்துக்கு அணியின் பாட்டுகள் தெரியாது. முதல் பாதியில் அணி தடுமாறினால் பொறுமை இழந்து கூச்சல் போடும். ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் இளம் தடுப்பாட்டக்காரனுக்கு அந்தக் கூச்சல் எவ்வளவு பாரம் என்பதை விளையாடியவர்களைக் கேட்டால் தெரியும். எண்ணிக்கை மட்டும் இருந்து பழக்கம் இல்லாத கூட்டத்தைச் சொந்த மைதானத்தின் பலமாக நான் எண்ணமாட்டேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். ஜூன் மாதமே மொத்தப் பணத்தையும் கட்டியவர் அவர். அணி எங்கே முடிக்கும் என்று தெரியாத நேரத்தில் நம்பிக் கட்டியவர். அவருக்கு ஓர் ஆட்டம் 25 பவுண்டு விழுந்திருக்கிறது. ஏப்ரலில் பக்கத்து இருக்கைக்காரர் அதே ஆட்டத்தை 5 பவுண்டுக்குப் பார்த்தால், முன்கூட்டி நம்பியவன் ஏமாளி என்று கழகமே சொல்லித் தருகிறது. அடுத்த ஆண்டு அவரும் காத்திருந்து வாங்கப் பழகிவிடுவார். ஒரு நல்ல நாள் வசூலுக்காகப் பத்து ஆண்டுப் பழக்கத்தை உடைப்பது எந்தக் கழகத்துக்கும் கட்டுப்படியாகாது.

இதற்கு வழி இருக்கிறது. தள்ளுபடியைச் சீசன் டிக்கெட்காரர் கையிலேயே கொடுத்துவிடலாம். ஒவ்வொருவரும் தமக்குப் பக்கத்தில் இரண்டு டிக்கெட்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கித் தமக்கு வேண்டியவரை அழைத்துவரலாம் என்று வைத்தால், வருகிற புது ஆள் தனியாக வரமாட்டார். மகளோ, அலுவலக நண்பரோ, பல ஆண்டுகளாக வராமல் நின்றுபோன அண்ணனோ, பழகிய ஒருவருக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். எப்போது கைதட்ட வேண்டும், எந்த வீரருக்கு எந்தப் பாட்டு என்று சொல்லித்தர அங்கேயே ஒருவர் இருப்பார். காலி இடமும் நிரம்புகிறது, பழைய ரசிகருக்கும் மரியாதை மிஞ்சுகிறது.

இதைவிட நல்ல வழி, முக்கியமான ஆட்டம் வருமுன்பே ஆண்டு முழுவதும் விலையைக் கைக்கெட்டும்படி வைத்திருப்பது. ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம். யார்க்ஷயரில் ஒரு நடுத்தர ஊர், சுமார் 24,500 பேர் கொள்ளும் மைதானம். அந்த அணியின் ரசிகரும் தொழிலதிபருமான டீன் ஹாய்ல் தலைவராக இருந்தபோது, இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் 2016–17 சீசனுக்கான டிக்கெட்டை 179 பவுண்டுக்கு விற்றார்கள். 23 உள்ளூர் ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 8 பவுண்டுகூட ஆகவில்லை. ஊர் திரண்டு வந்தது. அந்தச் சீசனின் முடிவில், 2017 மே 29 அன்று வெம்ப்ளியில் ரெடிங் அணியைப் பெனால்டியில் 4–3 என்று வீழ்த்தி அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. தொலைக்காட்சிப் பணம் கொட்டும் அந்த நேரத்தில் விலையை இரண்டு மடங்காக்கியிருந்தாலும் டிக்கெட் விற்றிருக்கும். ஹாய்ல் முன்பே கொடுத்திருந்த வாக்கு ஒன்று இருந்தது: தாம் பொறுப்பேற்ற காலத்திலிருந்து விடாமல் சீசன் டிக்கெட் வாங்கிவந்தவர்களுக்கு, அணி மேலே போனால் ஒரு முழு ஆண்டுக்கு 100 பவுண்டுதான். சொன்னதைச் செய்தார். மூன்றாம் நிலையில் அணி கிடந்த காலத்தில் வந்தவர்கள், மான்செஸ்டர் யுனைடெட்டையும் ஆர்சனலையும் ஆட்டத்துக்குச் சுமார் 5 பவுண்டில் பார்த்தார்கள். யாரும் எதிர்பாராதபடி அணி அந்த ஆண்டு 16ஆவது இடத்தில் முடித்துத் தப்பியது. அடுத்த ஆண்டு இறங்கிவிட்டது. அது வேறு கதை. நான் மேலே ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதன் பொருள் இந்த 100 பவுண்டு டிக்கெட்தான்.

ஜெர்மனிக்கு வந்தால் இந்த விவாதத்தின் தொனியே மாறிவிடும். அங்கே 50+1 விதியின்படி கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பகுதி ரசிகர்களான உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. பொதுவாக விலையை ஏற்றுபவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேயர்ன் மியூனிக்கின் தலைவராக இருந்தபோது ஊலி ஹூனெஸ் வெளிப்படையாகச் சொன்ன கணக்கு பிரபலமானது. நின்று பார்க்கும் பகுதிக்கான சீசன் டிக்கெட் அப்போது நூறு பவுண்டைச் சற்றே தாண்டிய தொகை. அதை 300 ஆக்கினால் 20 லட்சம் பவுண்டு கூடுதலாக வரும். ஒரு வீரரை வாங்கும் பேச்சில் அந்தத் தொகைக்கு ஐந்து நிமிடம் வாதாடுவோம், ஆனால் ரசிகருக்கு அது பெரிய வித்தியாசம் என்றார். ரசிகர்களைக் கறவை மாடாகப் பார்க்கமாட்டோம் என்றும் சொன்னார். அதே ஜெர்மனியிலும் சண்டை இல்லாமல் இல்லை. 2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பைக் காலிறுதியில், டிக்கெட் விலையைக் கண்டித்து டோர்ட்மண்ட் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

விலையைப் பூஜ்யம்வரை கொண்டுபோன கழகமும் அங்கே இருக்கிறது. ஃபோர்ட்டூனா டுஸ்ஸல்டோர்ஃப், விளம்பரதாரர்களின் பணத்தைக் கொண்டு ஒரு சீசனில் சில உள்ளூர் ஆட்டங்களை முற்றிலும் இலவசமாக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தது. முதல் இலவச ஆட்டம் 2023 அக்டோபர் 21 அன்று கைசர்ஸ்லாட்டர்னுடன். சுமார் 52,000 இடங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்ததால் குலுக்கல் போட வேண்டியிருந்தது. அன்று ஃபோர்ட்டூனா 0–3 என்று பின்தங்கி, கடைசியில் 4–3 என்று வென்றது. இத்திட்டத்தில் எனக்குப் பிடித்தது, இலவச ஆட்டங்களை முன்கூட்டியே தீர்மானிப்பது. அணி நெருக்கடியில் மாட்டிய பிறகு அவசரமாக அறிவிப்பதல்ல. அதே சீசன் முடிவில், 2024 மே 27 அன்று, முதல் நிலை லீக்குக்கு ஏறுவதற்கான தகுதியாட்டத்தின் இரண்டாம் சுற்று அதே மைதானத்தில் நடந்தது. எதிரணியான போஹுமின் (Bochum) ஊரில் நடந்த முதல் சுற்றை 3–0 என்று வென்றிருந்ததால் ஊரே திரண்டிருந்தது, மைதானம் நிரம்பி வழிந்தது. ஆனால் இந்த இரண்டாம் சுற்றில் 0–3 என்று தோற்று, பெனால்டியிலும் தோற்று, ஏறும் வாய்ப்பை இழந்தார்கள். கூட்டம் கைகொடுக்கும், ஆனால் கோல் போட்டுத் தராது. மைதானத்தை நிரப்பினால் புள்ளி நிச்சயம் என்று யாராவது நிர்வாகத்துக்குச் சொன்னால் இந்த இரவை நினைவூட்ட வேண்டும்.

தவறாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில் ஒரு பாடம் நடத்தியது. சீசன் பாதியில் இருக்கும்போது, மீதமிருந்த ஆட்டங்களின் உறுப்பினர் டிக்கெட்டுக்கு ஒரே விலையாக 66 பவுண்டு என்று அறிவித்தார்கள். அதுவரை பெரியவர்களுக்கு 40 பவுண்டிலிருந்தும் குழந்தைகளுக்கு 25 பவுண்டிலிருந்தும் கிடைத்தது. குழந்தைக்கும் மூத்தவருக்கும் இருந்த சலுகை அந்த டிக்கெட்டுகளில் போய்விட்டது. ஒரே விலை என்று நானும்தான் மேலே வாதாடினேன். ஆனால் அது தாழ்ந்த பக்கத்தில் ஒரே விலையாக இருக்க வேண்டும், அதைச் சீசன் தொடங்குமுன் சொல்ல வேண்டும். தாத்தாவும் பேரனும் சேர்ந்து போக 132 பவுண்டு கேட்பது அடுத்த தலைமுறை ரசிகனை வாசலிலேயே திருப்பி அனுப்புவது. ரசிகர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அணி அந்தச் சீசனை 15ஆவது இடத்தில் முடித்தது.

கோப்பை ஆட்டங்களில் கழகம் நினைத்தபடி விலை வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பெரிய, சிறிய கழகங்கள் எல்லாம் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் வசூல் இரு கழகங்களுக்கும் பங்காகப் போவதுதான் நெடுநாள் வழக்கம். அதனால் உள்ளூர்க் கழகம் தாராளமாகக் குறைத்தால் அது விருந்தாளியின் பணத்தையும் குறைக்கிறது. இருவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காம் நிலைக் கழகம் ஒன்றுக்குப் பெரிய கழகத்தோடு கிடைக்கும் ஒரே ஓர் ஆட்டத்தின் வசூல் அந்த ஆண்டின் சம்பளச் செலவையே தாங்கலாம். அவர்களிடம் போய், முக்கிய ஆட்டம், விலையைக் குறையுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. பெரிய கழகம் தன் பங்கை விட்டுக்கொடுத்தால் அது வேறு.

இறுதி ஆட்டங்களின் கதை இன்னும் வேறு. அவற்றை நடத்துவது கழகமல்ல, கூட்டமைப்பு. அங்கே மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு 2022இல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பே ஒரு முன்மாதிரி காட்டியது. கொரோனாவைத் தாண்டி வந்த ரசிகர்களுக்கு நன்றியாக, அந்த ஆண்டின் இறுதி ஆட்டங்களுக்கு மொத்தம் 30,000 டிக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு வந்த லிவர்பூலுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் ஆளுக்கு 5,000. யாருக்குக் கொடுப்பது என்ற பொறுப்பு கழகங்களிடம் விடப்பட்டது. நீண்ட நாள் விடாமல் வந்தவர்களுக்குக் கொடுங்கள் என்பது எதிர்பார்ப்பு. மறுபக்கம், 2026 உலகக் கோப்பைக்கு வைத்த விலைகளைப் பார்த்து உலகமெங்கும் ரசிகர்கள் கொதித்த பிறகுதான், 2025 டிசம்பரில் ஃபிஃபா இறுதி ஆட்டம் உட்பட எல்லா ஆட்டங்களுக்கும் 60 டாலர் டிக்கெட் ஒன்றை அறிவித்தது. அதுவும் பங்கேற்கும் நாடுகளின் தீவிர ரசிகர்களுக்கு ஒதுக்கும் இடங்களில் பத்தில் ஒரு பங்குதான். எண்ணிக்கை போதாது. ஆனால் இறுதி ஆட்டத்துக்கும் முதல் சுற்று ஆட்டத்துக்கும் ஒரே 60 டாலர் என்பதில் உள்ள கொள்கையை நான் வரவேற்கிறேன்.

ஆகவே ஒரு கழக நிர்வாகி என்னிடம் கேட்டால் இப்படிச் செய்யச் சொல்வேன். ஜூலையிலேயே ஆண்டு முழுமைக்கும் விலையை அறிவியுங்கள், எதிரணியைப் பார்த்து மாற்றாதீர்கள். அணி சரிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் ஏப்ரல் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே, இன்னும் புள்ளிகள் எடுக்க நேரம் இருக்கும்போதே, காலி இடங்களைச் சீசன் டிக்கெட்காரர்கள் வழியாகத் திறந்துவிடுங்கள். ஊர்ப் பள்ளிகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள். வெளியூர் ரசிகர்களுக்கும் அதே குறைந்த விலையைக் கொடுங்கள். அவர்களுடைய சத்தமும் சேர்ந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். அணி தப்பிவிட்டால், அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட் விலையை ஏற்றாமல் விடுங்கள்.